யாருக்காக அந்த மியூட்?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் தனியார் பள்ளி ஆசிரியை. என் கணவருக்கு 46. மாமனார் 1986-ல் ஆரம்பித்த லேத் பட்டறையை அவர்தான் நடத்திவந்தார். கொரோனாவுக்குப் பிறகு ஜாப் ஆர்டர் குறைந்து, கடன் ஏறி, இரண்டு வருடத்துக்கு முன் மெஷின்களை விற்றுப் பட்டறையை மூடிவிட்டார். இப்போது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒழுங்காக வேலைக்குப் போகிறார், குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், எல்லோரும் படுத்த பிறகு ஹாலில் தனியாக உட்கார்ந்து 'சார்பட்டா பரம்பரை' பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே படம். அதிலும் ஹீரோ தொப்பை போட்டுக்கொண்டு சாராயம், சண்டை என்று சீரழிகிற பகுதிதான். கடைசிச் சண்டை வருவதற்குள் டிவியை அணைத்துவிடுகிறார். கண் கலங்குவதையும் பார்த்திருக்கிறேன். "இந்த வயசுல பாக்ஸர் ஆகப் போறீங்களா?" என்று நானும் பிள்ளைகளும் கேலி செய்துகூடப் பார்த்துவிட்டோம். பக்கத்து ரூமில் மாமனார் தூங்குவதால் மியூட்டில் போட்டுத்தான் பார்ப்பார், அந்த மட்டும் நல்லவர். மாமனாருக்கு 78 வயது. எட்டரைக்கே காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார், அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கு அடிதடிப் படமே ஆகாது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்? ஓடிடி சந்தா என் கார்டில்தான் போகிறது. நிறுத்திவிடலாமா? இல்லை, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சந்தாவை நிறுத்த வேண்டாம். மருத்துவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள்.

மாமனார் தூங்குவதால் மியூட்டில் பார்க்கிறார் என்று ஒரு வரி. அதற்கு அடுத்ததாகவே, மாமனார் எட்டரைக்குக் காது மெஷினைக் கழற்றிவிடுவார் என்று எழுதுகிறீர்கள். மெஷினைக் கழற்றிவிட்டுப் படுத்த மனிதருக்குப் பக்கத்து அறையில் டிவி அலறினால் என்ன, அணைந்திருந்தால் என்ன? அப்புறம் யாருக்காக அம்மா அந்த மியூட்?

உங்களுக்காகத்தான். பெட்ரூமில் படுத்திருக்கிற நீங்கள் "மறுபடியும் அதே படமா?" என்று கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக. காலையில் பிள்ளைகள் முன்னால் அது ஒரு சிரிப்பாகிவிடக் கூடாதே என்பதற்காக. சந்தோஷ் நாராயணன் இசையால் அதிர அடித்து வைத்திருக்கிற படத்தை, ஊரே கூடிக் கூச்சல் போடுகிற படத்தை, ஒரு மனுஷன் சொந்த வீட்டு ஹாலில் ஊமைப் படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை 'நல்லவர்' கணக்கில் எழுதி வைத்துவிட்டீர்கள். ஆசிரியைதானே நீங்கள்? பின் பெஞ்சில் ஒரு பையன் திடீரென்று சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தால், திருந்திவிட்டான் என்று விட்டுவிடுவீர்களா?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. சிலருக்கு மளிகைக் கடை மூடியிருக்கும், சிலருக்குத் தறி நின்றிருக்கும். ஒருவர் மொட்டை மாடியில் போய் நிற்பார், ஒருவர் செல்போனில் சீட்டாடுவார். மனைவி எழுதும் கடைசி வரி மட்டும் மாறாது: எப்போது சரியாவார்? 'கவலைப்படாதீர்கள், காலம் ஆற்றும்' என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது காலத்தின் வேலை என்று நான் நம்பவில்லை. வீட்டில் இருக்கிறவர்களின் வேலை.

இப்போது படத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. பா. ரஞ்சித் இயக்கி, 2021 ஜூலையில் தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்த படம். கதை நடப்பது எழுபதுகளின் நடுவில், அவசரநிலைக் காலத்து வட சென்னையில். வெள்ளைக்காரன் கொண்டுவந்த குத்துச்சண்டையை அங்கே உழைக்கிற ஜனங்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு, 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று நோட்டீஸ் ஒட்டி மோதிக்கொண்ட காலம். பரம்பரை என்றால் ரத்த சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாத்தியாரின் வழியில் கற்றவர்கள் ஒரு பரம்பரை.

ஹீரோ கபிலனின் அப்பாவும் குத்துச்சண்டைக்காரர். அடியாளாகப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர். அதனால் அம்மா பாக்கியத்துக்கு அந்த வாடையே ஆகாது. சண்டை பார்க்கப் போனான் என்பதற்கே தோளுக்கு மேல் வளர்ந்த மகனைப் போட்டு அடிக்கிறவள். அதையும் மீறி அவன் சார்பட்டா பரம்பரையின் ரங்கன் வாத்தியாருடைய ஆளாக மேடை ஏறுகிறான். டான்சிங் ரோஸ் என்று ஒருவன் வருவான். கையைத் தொங்கப்போட்டு, இடுப்பை வளைத்து, எதிராளியின் கண்ணெதிரே ஆடி ஆடியே அடிப்பான். தொண்ணூறுகளில் இங்கிலாந்தைக் கலக்கிய குத்துச்சண்டைக்காரர் நசீம் ஹமீதின் சாயல். அந்த ஒரு சண்டைக்கே படத்தைப் பார்க்கலாம், அடிதடி ஆகாத நீங்களும்தான்.

ஆனால் உங்கள் கணவரைப் பிடித்து வைத்திருப்பது அது இல்லை. எதிர்த்தரப்பான இடியாப்ப பரம்பரையின் வேம்புலியோடு கபிலன் மோதுகிறான். அடித்து நொறுக்குகிறான், இதோ ஜெயித்துவிடப் போகிறான். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட சமயம் அது. அந்தக் கட்சிக்காரரான வாத்தியாரைக் கைது செய்யப் போலீஸ் வந்து நிற்கிறது. அந்தக் களேபரத்தில் எதிராட்கள் மேடைக்குள் புகுந்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கபிலனின் துணியை உருவிவிடுகிறார்கள். கவனியுங்கள், அவன் தோற்கவில்லை. தோற்றிருந்தால் 'அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்' என்று மனம் சமாதானம் ஆகும். கைத்திறமை அப்படியே இருக்க, எங்கோ எவனோ செய்ததற்கு இவன் அம்மணமாக நிற்கிறான்.

உங்கள் வீட்டுக்காரர் லேத்தில் கை சுத்தமில்லாதவரா? நூல் பிசகாமல் கடைந்து கொடுக்கத் தெரியாமலா பட்டறை மூடியது? ஆர்டர் நின்றது, வட்டி நிற்கவில்லை. மெஷினை லாரியில் ஏற்றிய அன்று தெருவில் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? அவருக்குத் தெரியும்.

சாதாரணமாக விளையாட்டுப் படங்களில் வீழ்ச்சி ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும். தாடி, பாட்டில், ஒரு மழை, அடுத்த காட்சியில் ஓட்டப் பயிற்சி. இந்தப் படம் அப்படி அவசரப்படவில்லை. கபிலன் சாராய வியாபாரத்தில் இறங்குகிறான், குடிக்கிறான், உடம்பு ஊதுகிறது, வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆர்யாவை அந்தத் தொப்பையோடு பார்க்கவே சங்கடமாக இருக்கும். படம் வந்தபோது 'இரண்டாம் பாதி இழுக்கிறது' என்று நிறையப் பேர் குறைப்பட்டார்கள். இழுக்கத்தானே செய்யும்? விழுந்தவனுடைய ஒவ்வொரு நாளும் இழுக்கும். இந்தப் படம் பார்க்கத் தகுந்தது என்று நான் சொல்வதே அந்தப் பகுதிக்காகத்தான். குறையும் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொப்பை பிறகு கரைகிற வேகம் சினிமாவில் மட்டுமே சாத்தியம்.

சரி, கடைசிச் சண்டைக்கு முன்னால் அவர் ஏன் டிவியை அணைக்கிறார்? அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குத்துச்சண்டை என்ற பேச்சே ஆகாத அதே பாக்கியம், மகன் கிடக்கிற கோலத்தைப் பார்த்து, போய்ச் சண்டை போடு என்கிறாள். பீடி ராயப்பன் என்ற பழைய ஆட்டக்காரர் கடற்கரைக்கு இழுத்துப்போய் அவனைத் தேற்றுகிறார். மாரியம்மாவைப் பாருங்கள், துஷாரா விஜயன் நடித்த பெண். புருஷன் கெட்டுச் சீரழியும்போது அவள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. கத்துகிறாள், சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேள்வி கேட்கிறாள், விட்டுக்கொடுக்காமல் கூடவே நிற்கிறாள். ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டு பொதுவாக மூன்று நிமிடம். அடுத்த ரவுண்டுக்கு முன் ஒரு நிமிடம் இடைவெளி. அடிபட்டு வந்தவனை மூலையில் முக்காலி போட்டு உட்கார வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றி, முகத்தைத் துடைத்து, காதோரம் நாலு வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். அந்த ஆள் இல்லாமல் யாரும் மேடை ஏறுவதில்லை. உங்கள் கணவர் தொப்பைக் கபிலன் வரைக்கும் பார்க்கிறார், ஏனென்றால் அது வரைக்கும் அவருக்கு நடந்திருக்கிறது. அதற்குமேல் நடப்பது அவர் வீட்டில் நடக்கவில்லை. அவர் மூலையில் நிற்க வேண்டிய நீங்கள் கார்டு கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். வேலைக்கும் போய்க்கொண்டு, சமைப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதும் நீங்கள்தான், மாமனாரையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள், தெரியும். அந்தப் பாரத்தை நான் குறைத்து எடை போடவில்லை. ஆனாலும் கல்யாணம் என்பதில் ஒருவரை ஒருவர் பிறர் முன்னால் சிறுமைப்படுத்தாமல் இருப்பதுதான் முதல் கடமை என்று நம்புகிறவள் நான். சோறு போடுவதெல்லாம் அதற்கு அடுத்து. பிள்ளைகளுக்கு அப்பாவைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களே, அதை நீங்களே திரும்ப வாங்குங்கள். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு" என்று அவர்கள் காதுபடவே அவரிடம் சொல்லுங்கள்.

என் அப்பா சின்ன அச்சகம் வைத்திருந்தார். ஆஃப்செட் அச்சு வந்த பிறகு மூட வேண்டியதாயிற்று. மெஷின் போய்விட்டது, ஈய எழுத்துகள் மட்டும், அறை அறையாய்ப் பிரித்த இரண்டு தட்டுகளில் வீட்டுக்கு வந்தன. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்து, அந்தந்த அறையில் போடுவார். 'ழ' இருக்கிற அறையில் அவர் கை தானாகப் போகும், பார்க்கவே மாட்டார். அம்மா ஒருநாள், "இந்த ஈயத்தை எடைக்குப் போட்டா ஒரு மாச மளிகை வரும்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, கணக்குப் பார்க்கிறவள். மறுநாள் அப்பா அவராகவே காயலான் கடைக்காரனைக் கூட்டிவந்து போட்டுவிட்டார். அதற்குப் பிறகு திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. பக்கத்தில் போய், 'எந்த எழுத்து எந்த அறை?' என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

உங்கள் மாமனார் பேச்சுக்கும் வருகிறேன். 'தொந்தரவில்லை' என்று ஒரே சொல்லில் அவரை முடித்துவிட்டீர்கள். தான் 1986-ல் போட்ட பட்டறை போனதைப் பற்றி அந்தப் பெரியவர் மகனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா? பேசியிருந்தால் எழுதியிருப்பீர்கள். படத்தில் ரங்கன் வாத்தியாருக்கு வெற்றி என்று ஒரு மகன் இருக்கிறான். ஊருக்கே வாத்தியார், மகனுக்குத் தட்டிக்கொடுக்க மட்டும் கை வராது. மகனை விட்டுவிட்டு வேறு ஆளை நம்புவார். பிறகு கபிலனைச் சாராயத்துக்கு இழுத்துப்போவது அந்த வெற்றிதான். நல்ல மனிதர்தான் வாத்தியார், பசுபதி அவ்வளவு கம்பீரமாகச் செய்திருக்கிறார், ஆனால் அந்த ஒரு இடத்தில் எனக்கு அவர் மேல் மன்னிப்பே கிடையாது. அப்பனானவன் வாயைத் திறந்து மகனிடம் 'உன் மேல் தப்பில்லை' என்று சொல்ல வேண்டிய நேரம் ஒன்று வரும். உங்கள் வீட்டில் அது வந்து இரண்டு வருடம் ஆகிறது.

மருத்துவர் பற்றிக் கேட்டீர்கள். தூக்கம் அடியோடு போனாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப் போடாமல் கூட்டிப்போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படம் பார்த்துக் கண் கலங்குவது மட்டும் வியாதி ஆகாது.

செய்ய வேண்டியது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி வேண்டாம், சாப்பாடு முடிந்த கையோடு மத்தியானம், "எனக்கும் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். முதலில் நம்பமாட்டார், 'உனக்குப் பிடிக்காது' என்பார். விடாதீர்கள். வளர்ந்த பிள்ளை கூட உட்காரட்டும். சின்னவர்கள் இருந்தால் அனுப்பிவிடுங்கள், அடியும் ரத்தமும் வசவும் இருக்கிறது. நடுவில் அட்வைஸ் வேண்டாம், 'உங்களை மாதிரியே இருக்குல்ல' என்ற வசனம் வேண்டவே வேண்டாம். தொப்பை வரும்போது எழுந்து அடுப்பங்கரைக்குப் போகாதீர்கள். அவர் ரிமோட்டைக் கையில் எடுக்கிற இடம் வரும். கையைப் பிடியுங்கள், கடைசிச் சண்டை வரை ஓடட்டும்.

சவுண்டை நன்றாக ஏற்றி வையுங்கள். மாமனாரையும் சோஃபாவில் கொண்டுவந்து உட்கார வையுங்கள், அவர் மகனுக்குப் பக்கத்தில். காது மெஷினுக்குச் சனிக்கிழமையே புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுங்கள். படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.