மூளைக்காய்ச்சலுக்குப் பரு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 14 வயது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை என்கிறார் டாக்டர். முகப்பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஆனால், அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. மினோசைக்ளின் மூளைக்குள் எளிதில் நுழையும். வைரஸைத் தாக்கும் வேகத்தில் நல்ல நரம்பு செல்களையும் சேர்த்து அழிக்கும் காவல் செல்களை அது அடக்கும். சுண்டெலிகளில் நன்றாகவே வேலை செய்தது. பிறகு லக்னோவில் மூளைக்காய்ச்சல் வந்த 281 பேரில் ஒரு பாதிக்கு மினோசைக்ளின், மறு பாதிக்கு மருந்துச் சத்து இல்லாத வெற்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது: மூன்று மாதத்தில் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. முதல் நாளைத் தாண்டியவர்களிடம் சற்றே நல்ல போக்கு தெரிந்தது. அதை மட்டும் நம்பி மருந்து எழுத முடியாது. இதற்கு முன் ரிபாவிரின், இன்டர்ஃபெரான், டெக்சாமெத்தசோன் என்ற மூன்று மருந்துகளையும் இந்த நோய்க்குச் சோதித்தார்கள், எதுவும் கைகொடுக்கவில்லை. எலியிடம் பலித்தது மனிதரிடம் ஏன் பலிக்கவில்லை? எலிக்கு எப்போது தொற்றியது என்று நமக்குத் தெரியும், உடனே மருந்தைத் தொடங்கலாம். பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரி சேரும்போது மூளையில் பாதி சேதம் நடந்து முடிந்திருக்கும்.

இன்னொன்று, மினோசைக்ளின் அரிதாக மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். மூளை வீங்கிய பையனுக்கு அது ஆபத்து. நினைவில்லாதவர் வாயில் மாத்திரையும் தண்ணீரும் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: முதுகுத்தண்டு நீரில் இந்த வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பார்த்து நோயை உறுதி செய்தார்களா? ஸ்க்ரப் டைஃபஸ் (பூச்சிக்கடியால் வரும் பாக்டீரியா காய்ச்சல்) இல்லை என்று பார்த்தாயிற்றா? அதுவும் மூளைக்காய்ச்சல் போலவே வரும். அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அதற்கு மினோசைக்ளினின் உறவு மருந்தான டாக்சிசைக்ளின் உயிர் காக்கும். ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் அசைக்ளோவிர் உண்டு. சந்தேகம் வந்ததுமே, முடிவுக்குக் காத்திராமல் தொடங்குவார்கள்: பொதுவாகக் கிலோவுக்கு 10 மி.கி., 8 மணிக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். ஒவ்வொரு டோஸும் ரத்தக்குழாய் வழியாக ஒரு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். வேகமாக ஏற்றினால் சிறுநீரகத்தில் படிகம் கட்டும்.

வலிப்பை அடக்குவது, தலையை 30 டிகிரி உயர்த்தி வைப்பது, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, இவைதான் இப்போது அவனுக்கு வைத்தியம். கை, கால் மூட்டுகளை மடக்கி நீட்டும் முறையை பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். மூட்டு இறுகிவிட்டால் பிறகு நடக்கவைப்பது சிரமம்.