மனைவிக்கு 34 வாரக் கர்ப்பம், பிரஷர் 150/100, சிறுநீரில் புரதம் இல்லை, வலது விலாவுக்குக் கீழே வலி: காலை வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். இன்றிரவே கொழும்பில் காசல் வீதி அல்லது டி சொய்சா மகளிர் மருத்துவமனைக்கு மனைவியைக் கூட்டிப்போங்கள். நாளை சனல் பண்ணி (தனியார் டொக்டரிடம் நேரம் எடுத்து) காட்டுகிற விஷயமில்லை இது. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

சிறுநீரில் புரதம் இல்லை என்பதால் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கர்ப்பத்தில் பெரும்பாலும் உயர் பிரஷரோடு வரும் ஹெல்ப் சின்ட்ரோம் (HELLP) என்ற நிலையில் சிவப்பணுக்கள் சிதையும், ஈரல் பாதிக்கப்படும், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் இறங்கும். புரதம் இல்லாமலும் வரும். ஈரலின் உறை இழுபடுவதால் வரும் வலி, கேஸ்ட்ரைட்டிஸ் வலி போலவே இருக்கும். சத்தியும் சேர்ந்தால் எல்லாரும் வயிற்றுக்கோளாறு என்றே நினைப்பார்கள்.

போனதும் கேட்க வேண்டியவை: எஃப்பிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கை), ஏஎஸ்டி, ஏஎல்டி (ஈரல் நொதிகள்), கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை). பிளேட்லெட் 1,00,000க்குக் கீழே, ஈரல் நொதிகள் வழமையைவிட இரண்டு மடங்கு என்றால் விஷயம் பாரதூரம். முதல் முடிவு சாதாரணமாக வந்தாலும் சில மணி நேரத்தில் மாறலாம். வலி நீடித்தால் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிக்கிட முன் வீட்டு பிரஷர் மெஷினில் ஒருமுறை பார்க்கலாம்: 5 நிமிடம் சாய்ந்து இருந்து, கை நெஞ்சு மட்டத்தில். 160/110 வந்தால் இன்னும் அவசரம். குறைவாகக் காட்டினாலும், இந்த வலியோடு வீட்டில் இருக்கக் கூடாது. தலைவலி, கண் மங்கல் இருந்தால் வலிப்பு வரலாம், அதைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் மருந்து தேவைப்படும்.

வலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரை கொடுக்க வேண்டாம். கர்ப்பப் பதிவு அட்டையை மறக்காதீர்கள். பிள்ளை பிறந்த பிறகும், முக்கியமாக முதல் 48 மணி நேரம், ஹெல்ப் சின்ட்ரோம் வரலாம்.