தம்பியின் மரணம் பாவத்துக்குத் தண்டனையா?

அன்புச் சகோதரி,

பஸ் விபத்தில் தம்பியை இழந்த உங்களிடம், "குடும்பத்தில் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது" என்று சபையார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கொதித்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரம். வேதத்தில் பெருந்துன்பம் அனுபவித்த நீதிமான் யோபு; அவருடைய நண்பர்களும் உங்கள் சபையாரின் இதே வாதத்தைத்தான் அடுக்கினார்கள். கடைசியில் தேவகோபம் மூண்டது அவர்கள்மேல், கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல.

தேவன் ஏன் தடுக்கவில்லை? மனிதனுக்குச் சுயாதீனம் கொடுத்ததால் தீமை வந்தது என்பார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனுக்கு அது பொருந்தும். புற்றுநோய்க்கும் சுனாமிக்கும் பொருந்தாது. முழு விடை யோபுவுக்கே சொல்லப்படவில்லை. நான் பற்றிக்கொண்டிருப்பது இதைத்தான்: இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார், சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவரே கதறினார். நம் வேதனையை வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் தேவன் அல்ல அவர்.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறுதல் இன்றி இருளிலேயே முடிகிற ஜெபம் அது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அம்மாவிடம் யாராவது அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால், லூக்காவைத் திறந்து காட்டுங்கள்.