முனைகளைத் தளத்திலும் கோட்டிலும் படியவைத்தல்: பிளெண்டர் கேள்வி பதில்

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், ஒரு மெஷ்ஷின் (முனைகளும் விளிம்புகளும் முகங்களும் சேர்ந்த வலைவடிவத்தின்) மேல்பக்கத்தில் இருபது முனைகள் மேடும் பள்ளமுமாக நிற்கின்றன. ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர எளிய வழி எது?

பதில்: அவற்றைத் தேர்ந்தெடுத்து எஸ் (அளவு மாற்றம்), இசட் (உயர அச்சு), 0 என வரிசையாகத் தட்டி என்டர் கொடுங்கள். அந்த மட்டம் எது என்பதை, அளவு மாற்றத்தின் மையமான பிவட் பாயின்ட் தீர்மானிக்கிறது: மீடியன் என்றால் சராசரி உயரம், ஆக்டிவ் எலிமென்ட் என்றால் கடைசியாகத் தேர்ந்தெடுத்த முனையின் உயரம். ஒரு முனை சரியான இடத்தில் இருந்து மற்றவை அதற்கு இணங்க வேண்டும் என்றால் இரண்டாவதையே வையுங்கள்; மீடியனில் விட்டால் சரியாக இருந்த முனையும் நகர்ந்துவிடும்.

கேள்வி: தளம் சாய்வாக இருந்தால்?

பதில்: அந்தத் தளத்தில் உள்ள ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து, அச்சுகளின் திசையை முடிவுசெய்யும் டிரான்ஸ்ஃபார்ம் ஓரியன்டேஷன் பட்டியலின் கூட்டல் குறியை அழுத்தினால், முகத்துக்குச் செங்குத்தான திசையே புதிய இசட் அச்சாகிவிடும். பிறகு 3டி கர்சரை (வெளியில் ஓர் இடத்தைக் குறிக்கும் குறியை) அந்த முகத்தின் மேல் வைத்து, அதையே பிவட் ஆக்கி, முன்சொன்ன விசைகளைத் தட்டுங்கள். திரையில் தோன்றும் அச்சுக்கோடு பழைய திசையிலேயே இருந்தால் இசட் விசையை இன்னொரு முறை தட்டுங்கள். பார்த்து அமைக்க முகமே இல்லாதபோது லூப்டூல்ஸ் என்ற கூடுதல் நிரலின் ஃபிளாட்டன் கருவி உதவும். முனைகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் தளத்தை அதுவே கண்டுபிடிக்கும். பிளெண்டர் 4.2 முதல் லூப்டூல்ஸை எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியிலிருந்து தனியாக நிறுவ வேண்டும்.

கேள்வி: சுவரின் மேல்முனைகளை 30 பாகை சாய்ந்த கூரைத் தளத்தில் படியவைத்தேன். சுவர்களே சாய்ந்துவிட்டன. எங்கே தவறு?

பதில்: திசையில். இந்தக் கேள்விக்காகவே மற்றவர்களும் சற்று நிதானிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மேலே சொன்ன வழிகள் முனையைத் தளத்துக்குச் செங்குத்தான வீழலுக்கு (புராஜெக்‌ஷன்), அதாவது தளத்தை அடையும் மிகக் குறுகிய வழியில், கொண்டுசெல்கின்றன. முனைக்கு நேர்மேலே 1 மீட்டர் உயரத்தில் கூரை இருப்பதாகக் கொள்வோம். குறுகிய வழியின் நீளம் 0.866 மீட்டர், அதில் சென்ற முனை 0.75 மீட்டர் மட்டுமே மேலேறி, 0.433 மீட்டர் இறவாரத்தின் பக்கம் விலகிவிடுகிறது. உங்கள் சுவர் வெளியே சாய்ந்தது இந்த 43 சென்டிமீட்டரால்தான்.

உங்களுக்குத் தேவை நேர்மேலே செல்லும் வீழல். மேல்முனைகளை ஒரு வெர்டெக்ஸ் குரூப்பில் (முனைத் தொகுப்பில்) சேர்த்து, முனைகளை இன்னொரு பொருளின் பரப்பில் படியவைக்கும் ஷ்ரிங்க்ராப் மாடிஃபையரைச் சுவருக்குக் கொடுத்து, அந்தக் குரூப்பையும் இலக்காகக் கூரையையும் குறிப்பிடுங்கள். முறையை புராஜெக்ட் என மாற்றி, இசட் அச்சையும் பாசிட்டிவ் திசையையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். இந்த இசட் பொருளின் சொந்த அச்சு என்பதால், பொருளைச் சுழற்றியிருந்தால் முதலில் கண்ட்ரோல் ஏ கொடுத்துச் சுழற்சியை அப்ளை செய்துவிடுங்கள். கூரை போதிய அகலம் இல்லாவிட்டால், நேர்மேலே கூரை கிடைக்காத முனைகள் நகராமல் நின்றுவிடும்.

கேள்வி: கோட்டின் மேல் படியவைப்பது எப்படி?

பதில்: நேர்மேலே செல்லும் கோடு என்றால் எஸ், ஷிஃப்ட் இசட், 0 போதும்; எக்ஸ், ஒய் இரண்டும் சுருங்கி, உயரம் மட்டும் மாறாமல் நிற்கும். சாய்ந்த விளிம்பாக இருந்தால் அதிலிருந்து ஓரியன்டேஷன் உருவாக்கி, 3டி கர்சரை விளிம்பின் மேல் வைத்து அதையே பிவட் ஆக்கிக்கொண்டு, விளிம்பின் வழியே ஓடும் அச்சை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் சுழியாக்குங்கள். கோட்டில் ஒரே இடத்தில் வந்து விழுந்த முனைகளை மெர்ஜ் பை டிஸ்டன்ஸ் கொண்டு இணைத்துவிடுங்கள்.

கேள்வி: பைத்தானில் நானே எழுதினேன். முனைகள் தளத்தில் நிற்காமல் மறுபக்கம் போய்விடுகின்றன.

பதில்: தளத்துக்குச் செங்குத்தான உங்கள் வெக்டரின் நீளத்தைப் பாருங்கள். தளத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து முனைக்குச் செல்லும் வெக்டரைச் செங்குத்து வெக்டருடன் புள்ளிப் பெருக்கம் (டாட் புராடக்ட்) செய்து, வந்த எண்ணால் செங்குத்து வெக்டரையே பெருக்கி முனையிலிருந்து கழிக்கிறோம்; ஆகவே செங்குத்து வெக்டர் கணக்கில் இரண்டு முறை வருகிறது. நீளம் 1 ஆக இல்லாமல் 2 ஆக இருந்தால் நகர்வு நான்கு மடங்காகி, முனை மறுபக்கத்தில் மூன்று மடங்கு தொலைவில் போய் நிற்கும். முதலில் அதை நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது நீளத்தை 1 ஆக்குங்கள். முனையின் ஆயங்கள் பொருளின் சொந்த அச்சுகளில் இருப்பவை என்பதால், தளத்தை உலக ஆயங்களில் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே வெளிக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும்.