மெக்கானிக்கல் படிக்கும் மகளுக்கு டேட்டா சென்டரில் என்ன வேலை?

மகள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், டேட்டா சென்டர் வடிவமைப்புக்குப் போக ஆசைப்படுகிறாள், அதற்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். டேட்டா சென்டரில் இரவும் பகலும் ஓடும் கணினிகளான சர்வர்கள் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. மின்சாரத்தைத் தடையில்லாமல் கொண்டுவருவது எலக்ட்ரிக்கல்காரர் வேலை; அந்த வெப்பத்தைக் குறைந்த செலவில் வெளியேற்றுவது மெக்கானிக்கல்காரர் வேலை. புரோகிராமிங் ஓரளவு தெரிந்தால் போதும்.

ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரேக், அதாவது சர்வர்களை அடுக்கிவைக்கும் அலமாரி, 10 கிலோவாட் இழுக்கிறது. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்றால், நொடிக்குச் சுமார் 830 லிட்டர் காற்று வேண்டும். அதே வித்தியாசத்தில் தண்ணீர் என்றால் நொடிக்குக் கால் லிட்டர்கூட வேண்டாம். செயற்கை நுண்ணறிவுக்கான ரேக்குகளில் சில 100 கிலோவாட்டைத் தாண்டிவிட்டன; அங்கே சிப்பின் மேலேயே திரவம் ஓடும் தகடுகளைப் பொருத்துவது ஏன் என்பது இதிலேயே விளங்கிவிடும்.

அடுத்து பி.யூ.ஈ. வளாகம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தைக் கணினிக் கருவிகள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். கருவிகள் 1 மெகாவாட் இழுக்கும் இடத்தில் இது 1.6-லிருந்து 1.3-க்கு இறங்கினால் ஆண்டுக்கு 26 லட்சம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவாள். சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை. வெப்பநிலையை மேல் எல்லைக்கு ஏற்றினால், தண்ணீரைக் குளிராக்கித் தரும் இயந்திரமான சில்லருக்குச் சுமை குறையும். அதே நேரம் சர்வருக்குள் இருக்கும் விசிறிகள் வேகமெடுக்கக்கூடும். விசிறியின் மின்தேவை வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும்; வேகம் இரட்டித்தால் மின்தேவை எட்டு மடங்கு. அது கருவிகளின் கணக்கில் சேர்வதால் பி.யூ.ஈ. அழகாக இறங்கும், மொத்த மீட்டர் ஏறியிருக்கலாம். எப்போதும் மொத்த மீட்டரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். தண்ணீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவரில் 1 யூனிட் (ஒரு கிலோவாட்-மணி) வெப்பத்தை ஆவியாக்கி வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போகும். 1 மெகாவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 36,000 லிட்டர். உலர் குளிர்விப்பு இதைத் தவிர்க்கும், ஆனால் வெயில் நாளில் மின்சாரம் கூடுதலாகக் கேட்கும். தண்ணீர் பஞ்சமுள்ள இடமா, மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா என்று பார்த்து முடிவெடுப்பதில்தான் நல்ல வடிவமைப்பாளர் தெரிவார்.

தவறுகள் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் நடக்கும். ரேக்கில் காலியான ஓர் இடத்தை மறைப்புப் பலகை போட்டு மூடாமல் விட்டால், பின்பக்கச் சூடான காற்று அந்த இடுக்கு வழியாக முன்பக்கம் திரும்பும். பக்கத்து சர்வர் சூடாகிறது என்று அலாரம் அடிக்கும். காரணம் தேடாமல் அறை முழுவதையும் இரண்டு டிகிரி குளிராக்குவார்கள். ஒரு பிளாஸ்டிக் பலகைக்குப் பதிலாக ஆண்டு முழுவதும் சில்லர் உழைக்கும்.

யு.பி.எஸ். பற்றியும் படிக்கட்டும். ஒன்று பழுதானால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதால், இரட்டைப் பாதையில் ஒவ்வொன்றும் பாதிச் சுமைக்கு மேல் ஏறவே கூடாது; தொடக்க ஆண்டுகளில் அது 20 சதவீதத்துக்கும் கீழே கிடந்து செயல்திறனை இழக்கக்கூடும். அதனால்தான் தேவைக்கேற்பக் கட்டம் கட்டமாகச் சேர்க்கிறார்கள்.

விருப்பப் பாடங்களில் வெப்பப் பரிமாற்றம், ஏ.சி. வடிவமைப்பு, சி.எஃப்.டி. (காற்று, திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) மூன்றையும் எடுக்கட்டும். இறுதியாண்டு புராஜெக்டுக்கு, சூடான காற்றுப் பாதையை அடைத்தும் அடைக்காமலும் ஒரே அறையை சி.எஃப்.டி.யில் ஒப்பிடலாம். விலையுயர்ந்த சான்றிதழ் படிப்புகளுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அவை அனுபவமுள்ளவர்களுக்கே பயன்படும். முதல் வேலை, கட்டி முடித்த வளாகத்தைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் கமிஷனிங் குழுவில் கிடைத்தால் சம்பளம் சற்றுக் குறைவானாலும் அதையே எடுக்கச் சொல்வேன். சர்வர் வருவதற்கு முன் லோட் பேங்க் (சர்வருக்குப் பதிலாக மின்சாரத்தை இழுத்து வெப்பமாக்கும் சோதனைக் கருவி) வைத்து முழுச் சுமை ஏற்றி, வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்து, ஜெனரேட்டர் ஏற்கும் வரை அறை எத்தனை டிகிரி சூடாகிறது என்று அளப்பார்கள். வரைபடம் எங்கே பொய்த்தது என்பது அங்கே கண்ணெதிரே தெரியும்.