வாசகர் கேள்வி பதில்: கடலோரத்தில் வீட்டை எடுத்துக்கட்ட யாரிடம் அனுமதி வாங்குவது?

ஐயா, எங்கள் வீடு தங்கச்சிமடத்தில் வடகடல் பக்கம் இருக்கிறது. கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் இருக்கலாம். மாமனார் கட்டிய ஒரு கூடம், ஓர் அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வீட்டுக்காரர் கடல் தொழிலுக்குப் போகிறார். ஷீட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டு, மாடியில் மகளுக்கு ஓர் அறையும் கழிப்பறையும் கட்டலாம் என்று நினைக்கிறோம். "கடலோரச் சட்டம் இருக்கிறது, அனுமதி கிடைக்காது. தளத்தைப் போட்டுவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

சகோதரி, சென்ட்ரிங் அடிக்க ஆள் வரச்சொல்லியிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அனுமதி கிடைக்கவே கிடைக்காது என்று மேஸ்திரி சொல்வது தவறு. போட்டுவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய தவறு. கொச்சிக்குப் பக்கத்தில் மரடில், கடலோர விதியை மீறிக் கட்டிய அடுக்குமாடிகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். குடியிருந்தவர்களின் சேமிப்பெல்லாம் மண்ணாகப் போனது. உங்கள் வீட்டுக்கு அப்படி ஆகும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கட்டி முடித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வேலை. கூரையை மாற்றுவது ஒன்று, மாடி எழுப்புவது இன்னொன்று. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

கிராமப்புறக் கடற்கரையில், உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல்நீர் வந்து தொடும் எல்லை) 200 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக்கூடாத பகுதி என்கிறது 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2019-இல் புது அறிவிக்கை வந்தது உண்மைதான். ஆனால் அதன்படி வரைபடம் திருத்தப்பட்டு ஒப்புதல் ஆகும்வரை பழைய விதிதான் கணக்கு என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. தடை உள்ள பகுதியிலும், முறையாக ஏற்கெனவே இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கலாம், இடித்துத் திரும்பவும் கட்டலாம். அடித்தளப் பரப்பும் மொத்தக் கட்டடப் பரப்பும் பழைய அளவைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். ஆக, ஷீட்டுக்குப் பதில் கான்கிரீட் போடுவதற்கு வழி இருக்கிறது. மாடி எழுப்பினால் பரப்பு கூடிவிடும். அதைப் பழுது பார்ப்பு என்று எழுதிக் கொடுக்க முடியாது.

உங்களுக்கென்று இன்னொரு வழி இருக்கிறது. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புகளை 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையில் அனுமதிக்கலாம் என்று அதே 2011 அறிவிக்கை சொல்கிறது. அது அரசு வகுக்கும் திட்டத்துக்கு உட்பட்டது, உரிய பரிந்துரையும் வேண்டும். வீட்டுக்காரர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அந்த அட்டை, நலவாரிய அட்டை இரண்டையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். மாடியைக் கேட்பதென்றால் இந்த வழியில்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால், அந்த நூற்றைம்பது மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்? தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து காலால் அளந்திருந்தால் அது செல்லாது. வடகடலில் ஆழம் குறைவு, காற்று மாறினால் தண்ணீர் நிற்கிற இடமும் மாறிவிடும். கோடு எங்கே போகிறது என்பது அரசின் கடற்கரை மண்டல வரைபடத்தில், சர்வே எண்ணோடு இருக்கிறது. உங்கள் பட்டாவில் உள்ள சர்வே எண்ணை அதில் பொருத்திப் பாருங்கள். தொண்ணூறு என்று வந்தால் ஒரு பதில், இருநூற்றுப் பத்து என்று வந்தால் வேறு பதில். இருநூறைத் தாண்டி ஐந்நூறுக்குள் என்றால், அங்கே காலங்காலமாகக் குடியிருக்கிறவர்கள் தரைத்தளமும் மேலே ஒரு மாடியும், 9 மீட்டர் உயரம் வரை கட்டிக்கொள்ள இடமுண்டு.

மாமனார் காலத்து வீட்டு வரி ரசீதுகளைத் தேடி எடுங்கள். பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. முதல் கடலோர அறிவிக்கை வந்த நாள் 1991 பிப்ரவரி 19. அதற்கு முந்தைய ரசீது ஒன்றே ஒன்று கிடைத்தாலும், வீடு சட்டத்துக்கு முன்பே இருந்தது என்பதற்கு அது பெரிய பலம். மின் இணைப்பு அட்டையும் உதவும். பலர் இந்தத் தாள்களைப் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எரித்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

விண்ணப்பம் உள்ளாட்சி வழியாகப் போகும். கடலோர ஒப்புதலுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மைக் குழுமம் பார்க்கும். முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும் என்பது விதி. "முழுமையான" என்பதுதான் முக்கியம். புலப்படம் (மனையின் அளவு காட்டும் சர்வே வரைபடம்) ஒன்று குறைந்தாலும் அந்த 60 நாள் தொடங்காது.

அனுமதி வந்த பிறகும் ஒன்று பாக்கி. ஷீட்டைத் தாங்கிய சுவர் கான்கிரீட்டைத் தாங்குமா? நம் ராமேஸ்வரம் தீவில் பழைய சுவர்கள் பல, பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டியவை. பூச்சை ஓரிடத்தில் உடைத்தால் உள்ளே துளைத் துளையான வெள்ளைக் கல் தெரியும். அப்படித் தெரிந்தால் சுவரை நம்பித் தளம் போடாதீர்கள், தூண் எழுப்பித்தான் போட வேண்டும். உப்புக்காற்று உள்ள இடத்தில் கான்கிரீட் எம் 30 தரத்துக்குக் குறையக்கூடாது, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. உப்புத்தண்ணீரில் கலவை போட்டால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து உப்பி, தளம் பாளம் பாளமாக விழும். நல்ல தண்ணீர் லாரிக்குக் கொடுக்கிற காசைப் பார்க்காதீர்கள்.

கீழக்கரை நகராட்சிக்குள் 1,800 சதுர அடி மனை. பழைய வீட்டை இடித்துவிட்டுத் தரைத்தளமும் மாடியுமாக 2,400 சதுர அடி கட்டப்போகிறோம். பட்டா இன்னும் எங்கள் பாட்டனார் பெயரில் இருக்கிறது. தங்கை துபாயில். சுயசான்று முறையில் உடனே அனுமதி வாங்க முடியுமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பாய், உங்கள் அளவு சுயசான்றுக்குள் வருகிறது. 2024 ஜூலையில் தொடங்கிய இந்த முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம். தொடங்கியபோது வைத்த வரம்பு தரைத்தளமும் ஒரு மாடியும், உயரம் 7 மீட்டருக்குள். முன்கூட்டி யாரும் இடம் பார்க்க வருவதில்லை. ஆனால் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள், நாளைக்குப் பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். உங்கள் சர்வே எண் கடலோர மண்டலத்துக்குள் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். வந்தால் கடலோர ஒப்புதல் வாங்காமல் சுயசான்றில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களுக்குத் தடை பட்டாதான். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, மற்ற வாரிசுகளிடம், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிவு செய்து, பட்டாவை மாற்றிவிட்டு வாருங்கள். தங்கை ஊருக்கு வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தங்கையின் பங்குக்கு என்ன தருகிறீர்கள் என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வீடு எழும்பிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் கசப்பாகிவிடும்.

தரைக்கு டைல்ஸ் போட்டு, பூச்சு உதிர்ந்த இடத்தைப் பூசி, பெயின்ட் அடிக்கவும் அனுமதி வேண்டுமா?
– ஒரு வாசகர், மண்டபம்

வேண்டாம். சுவரை நகர்த்தினாலோ, கூரையை உயர்த்தினாலோ, திண்ணையை அறையாக்கினாலோதான் அனுமதி. பூச்சு உதிர்ந்த இடம் கூரையின் அடிப்பக்கம் என்றால் மட்டும், மேலே பூசுவதற்கு முன் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துருவைச் சுரண்டி எடுத்துக் கம்பியைச் சரிசெய்த பிறகு பூசுங்கள்.