ஆஸ்திரியாவில் முதல் பனிச்சறுக்கு: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நாங்கள் கோவையில் வசிக்கிறோம். நான், கணவர், 10 வயது மகள். போன வருடம் குல்மார்க்கில் மூன்று நாள் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டோம், மூவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த சீசனில் ஆஸ்திரியா போவதற்காக ₹8 லட்சம் சேர்த்திருக்கிறோம். டிராவல் ஏஜென்ட் ஒருவர் கிறிஸ்துமஸ் வாரத்தில் சாங்க்ட் ஆன்டன் போய்வர ₹10.5 லட்சம் ஆகும் என்கிறார். மீதி ₹2.5 லட்சத்தைப் பெர்சனல் லோனாக எடுக்கலாம் என்பது கணவரின் யோசனை. எடுக்கலாமா? இதைவிடக் குறைவான செலவில் வேறு நல்ல ஊர் இருக்கிறதா?

பதில்: லோன் வேண்டாம். ₹2.5 லட்சத்தை 14% வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் ₹8,540 கட்ட வேண்டும். வட்டி மட்டுமே ₹57,000 தாண்டும். நீங்கள் சேர்த்திருக்கும் ₹8 லட்சத்திலேயே இந்தப் பயணத்தை நன்றாக முடிக்க முடியும். அதற்கு ஊரையும் வாரத்தையும் மாற்ற வேண்டும்.

முதலில் ஊர். சாங்க்ட் ஆன்டன் பெரிய பெயர்தான். ஹான்னஸ் ஷ்னைடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கேதான் பனிச்சறுக்குப் பயிற்சியை ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். ஆனால் இன்று அந்த ஊருக்குப் பெரும்பாலும் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள்தான் போகிறார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்த்தால் சுமார் 300 கிலோமீட்டர் சரிவுகள் உண்டு. மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸின் விலை அத்தனைக்கும் சேர்த்துத்தான். மூன்று நாள் அனுபவம் உள்ளவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொட மாட்டார்கள். ஆஸ்திரியாவில் சரிவுகளை நிறத்தால் குறிப்பார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சாங்க்ட் ஆன்டனில் நீலம் என்று போட்டிருக்கும் சில சரிவுகளே புதியவர்களைப் பயமுறுத்தும். கிட்ஸ்பூயல் என்ற இன்னொரு பிரபலமான ஊரிலும் பெயருக்கான விலை உண்டு. ஜனவரி பிற்பகுதியில் ஹானென்காம் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும்போது அறை வாடகை இன்னும் ஏறும்.

உங்களுக்கு நான் சொல்வது டிரோல் மாநிலத்தின் வெஸ்டன்டோர்ஃப். பழகுவதற்கான அகலமான, மென்மையான சரிவு ஊரை ஒட்டியே இருக்கிறது. மகள் வகுப்பில் இருப்பதைக் கீழே நின்றே பார்க்கலாம். ரயில் நிலையமும் உண்டு, அதனால் ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்திலிருந்து டாக்ஸிக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. நன்றாகப் பழகிவிட்டால் ஸ்கீவெல்ட் என்ற பெரிய சரிவு வலைப்பின்னல் அங்கிருந்தே தொடங்குகிறது. வெஸ்டன்டோர்ஃபில் அறை கிடைக்காவிட்டால் வில்ட்ஷ்யோனாவ் பள்ளத்தாக்கில் உள்ள நீடராவ் பாருங்கள். சின்ன ஊர், புதியவர்களுக்கு நல்ல இடம்.

இவை இரண்டும் 800 மீட்டர் உயரத்தை ஒட்டிய ஊர்கள். ஜனவரியில் பரவாயில்லை, மார்ச் கடைசியில் கீழே பனி கரைந்துபோகலாம். ஏப்ரல் பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால் 1,930 மீட்டரில் இருக்கும் ஓபர்குர்கல் போன்ற ஊர்தான் சரி, ஆனால் அது செலவு கூடிய ஊர்.

அடுத்து வாரம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிப்ரவரிப் பள்ளி விடுமுறை, இவைதான் ஆல்ப்ஸில் உச்ச விலைக் காலம். நடுவில் ஜனவரி இரண்டாம், மூன்றாம் வாரங்கள் மலிவு. நம் பொங்கல் விடுமுறை சரியாக அங்கேதான் வருகிறது! மகளுக்குப் பள்ளியில் நாலைந்து நாள் கூடுதல் விடுப்பு கேட்டால் போதும். ஏஜென்ட் ஏன் இதைச் சொல்லவில்லை என்று எனக்கு வருத்தம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். யூரோ ₹105 என்று வைத்துக்கொள்கிறேன். இவை என் மதிப்பீடுகள், புக்கிங் நாளைப் பொறுத்து ஏறி இறங்கும். மூவருக்கும் விமானம் ₹2.1 லட்சம். காலை, இரவுச் சாப்பாட்டோடு குடும்ப விடுதியில் 7 இரவு 1,600 யூரோ, அதாவது ₹1.68 லட்சம். மூவருக்கும் ஐந்து நாள் குழு வகுப்பு 900 யூரோ (₹94,500). ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை ₹45,000. லிஃப்டுக்கு ₹63,000. ரயில், மதியச் சாப்பாடு, தங்கும் வரி எல்லாம் ₹52,500. குளிர் உடைகளுக்கு ₹40,000. விசா, சேவைக் கட்டணத்தோடு ₹30,000. இதில் விசாக் கட்டணம் மட்டும் பெரியவர்களுக்குத் தலா 90 யூரோ, உங்கள் மகள் வயதுக்கு 45 யூரோ. இன்ஷூரன்ஸ் ₹15,000. மொத்தம் ₹7.18 லட்சம்.

இதில் ஒன்றைக் குறைக்க வேண்டுமென்றால் லிஃப்ட் பாஸைக் குறையுங்கள், வகுப்பைத் தொடாதீர்கள். ஆறு நாள் பாஸை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டாம். முதல் இரண்டு நாள் பழகும் சரிவின் லிஃப்ட் மட்டும் போதுமா என்று ஸ்கீ பள்ளியிடமே மின்னஞ்சலில் கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்கள். வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களன்று தொடங்கும், அதனால் சனிக்கிழமை போய்ச் சேருவதுபோல் டிக்கெட் போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். ஆஸ்திரியா உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள், அதை வாங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்கு விபத்து சேராது. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அந்தப் பில் அடிபட்டவர் பெயருக்கு வரும், சில ஆயிரம் யூரோ ஆகும். அதனால் குளிர்கால விளையாட்டு, மலை மீட்பு, நீங்கள் மோதி வேறொருவருக்கு அடிபட்டால் தர வேண்டிய இழப்பீடு, இந்த மூன்றும் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். குறியிட்ட பாதையை விட்டு வெளியே போனால் பல பாலிசிகள் செல்லாது. இதைக் கணவரிடமும் சொல்லிவையுங்கள்.

அப்புறம் பணம் கொண்டுபோவது. பெரும்பகுதியை ஃபாரெக்ஸ் கார்டில் யூரோவாக ஏற்றுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் 2 முதல் 3.5% வரை கூடுதல் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போகும். கடையில் மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். பேக்கேஜாகவே வாங்க முடிவு செய்தால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள்; வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மியூனிக்கில் இறங்கினாலும் தங்குவது ஆஸ்திரியாவில் என்பதால் ஆஸ்திரியா விசாவுக்கே போடுங்கள். விசா கையில் வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். மிச்சமாகும் ₹80,000 சொச்சத்தில் பாதியைக் கார்டில் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மீதி வங்கியிலேயே இருக்கட்டும்.